மண்டை எலும்பை எடுக்கக் கையெழுத்துப் போட்டது தவறா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பக்கவாதம் வந்தவருக்கு மண்டை எலும்பின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவையானதா, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதனுடன் நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் படித்தால் கேள்வி வேறாக இருக்கிறது. ஆரணியில் பட்டு நெய்துகொண்டிருந்த உங்கள் அப்பாவுக்குப் போன ஆண்டு, 56 வயதில், விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் விழுந்து பேச்சும் நின்றுபோனது. வேலூருக்குக் கொண்டுவந்த மறுநாள் இரவு, மூளை வீங்கிக்கொண்டே வருகிறது, இடப்பக்கத்து எலும்பை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அண்ணன் மஸ்கட்டில் இருந்தார், அம்மா பேசும் நிலையில் இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அப்பா பிழைத்தார். நான்கு மாதம் கழித்து எலும்பைத் திரும்ப வைத்தார்கள். இன்று ஒருவர் பிடித்துக்கொண்டால் கைத்தடியுடன் நடக்கிறார். குளிக்கவும் வேட்டி கட்டவும் ஆள் வேண்டும். "ஆமா", "வேணாம்", அம்மாவின் பெயர் ஆகிய மூன்றைத் தவிர வேறு சொல் வரவில்லை. உங்கள் பெரியப்பாவோ ஒவ்வொரு விசேஷத்திலும், "அன்னைக்கே விட்டிருந்தா நிம்மதியாப் போயிருப்பான்" என்கிறார். அன்று இரவு நான் செய்தது சரியா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

வேலூரில் நரம்பியல் அறுவைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இந்த அறுவையைச் செய்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களுடன் கடைசிவரை இருந்துமிருக்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அவரைத் தொட்டுப் பரிசோதிக்கவும் இல்லை. ஆகவே அவருடைய மூளையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துச் செய்யும் ஊகம். அறுவையைப் பற்றிச் சொல்வது அப்படி அல்ல; அதில் உறுதியாகத் தெரிந்தவை நிறைய இருக்கின்றன.

முதல் நாள் கண் திறந்து உங்களைப் பார்த்து, இடக்கையால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்ட மனிதர், மறுநாள் சாயங்காலம் ஏன் கூப்பிட்டாலும் எழாத தூக்கத்துக்குப் போனார் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயின் போக்கே அதுதான். கழுத்தின் வழியாக ஏறும் பெரிய ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் கிளை பிரிகின்றன. அவற்றில் நடு மூளைத் தமனி என்ற கிளைதான் மூளையின் ஒரு பாதியில் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது. அது தொடங்கும் இடத்திலேயே ரத்தக் கட்டி வந்து அடைத்துக்கொண்டால், உள்ளங்கையளவுக்கும் பெரிய ஒரு பரப்பு ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கிறது. ரத்தம் கிடைக்காத செல்கள் உப்பையும் நீரையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் ஆற்றலை இழந்து ஊறத் தொடங்குகின்றன. அடுத்த சில நாட்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்களும் கசிகின்றன. கணுக்கால் சுளுக்கினால் தோல் விரிந்து கொடுக்கும், மண்டை ஓடு கொடுக்காது. அதற்குள் மூளை ஏறத்தாழ 80 சதவீத இடத்தையும், ரத்தமும் மூளையைச் சுற்றியுள்ள நீரும் மீதி இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. இவற்றில் ஒன்று பெருத்தால் மற்றது ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்ற கணக்கை ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் மன்றோ 1783-லேயே எழுதிவைத்தார். முதலில் நீர் ஒதுங்கும். பிறகு ரத்தம் குறையும். அதற்கு மேலும் வீங்கினால் நன்றாக இருக்கும் மறுபாதி மூளை நசுங்கும். அதன் பின் நினைவையும் மூச்சையும் காக்கும் மூளைத்தண்டு அழுந்தும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சத்தைத் தொடுவது வழக்கம். முதல் நாள் உங்கள் கையைப் பிடித்தது அடைப்பு ஏற்பட்ட மூளை, ஆனால் இன்னும் வீங்காத மூளை.

மருத்துவமனைக் காகிதத்தில் "மேலிக்னன்ட்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, புற்றுநோயும் இருக்கிறதா என்று பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. நடு மூளைத் தமனி முழுவதும் அடைபட்டு உயிரை எடுக்கும் அளவுக்கு வீங்கும் பக்கவாதத்துக்கு 1996-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் வைத்த பெயர் அது. மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தால் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இறந்தார்கள் என்பதால் அப்படியொரு கடுமையான சொல்லைத் தேர்ந்தார்கள். அந்தச் சொல் நம் ஊரில் புற்றுநோய்க்கு மட்டுமே பழகியிருப்பதால், அதைக் காகிதத்தில் எழுதும் மருத்துவர் வீட்டாரிடம் ஒரு வரி விளக்கிவிட்டால் எத்தனையோ வீடுகளில் ஒரு வாரத் தூக்கம் மிஞ்சும்.

அந்த இரவு செவிலியர்கள் மணிக்கொரு முறை வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்திருப்பார்கள். வெளிச்சம் பட்டால் சுருங்க வேண்டிய கண்மணி, அடைப்பு உள்ள பக்கத்தில் விரிந்து அப்படியே நின்றுவிட்டால், மூளைத்தண்டு அழுந்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூளையின் நீரை இழுக்கும் மானிட்டால் மருந்து, செறிவான உப்பு நீர், தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைப்பது, மூச்சுக் கருவி ஆகியவை நேரத்தை வாங்கித் தரும். வீக்கத்தின் மூலத்தைத் தொடாது. மூளையில் வளரும் கட்டிகளால் (ட்யூமர்) வரும் வீக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி, பக்கவாத வீக்கத்துக்குப் பயன் தரவில்லை என்பதும் ஆய்வுகளில் தெளிவானது. மருந்தாலேயே பார்த்திருக்கலாமே என்று உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதற்கு இதுதான் பதில்.

இனி அறுவை. மண்டை விரியாது என்றால் மண்டையின் ஒரு பக்கத்தை எடுத்துவைத்துவிட்டு மூளைக்கு வெளிப்பக்கம் வீங்க இடம் கொடுக்கலாம் என்பதே இதன் அடிப்படை. இந்த எண்ணம் புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சரும் அமெரிக்காவின் ஹார்வி குஷிங்கும் மண்டையைத் திறந்து அழுத்தம் குறைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காதுக்கு முன்னால் தொடங்கி, காதுக்கு மேலும் பின்னும் வளைந்து, உச்சி வழியாக நெற்றிமுடி வரை கேள்விக்குறி போலத் தோலைக் கீறுவோம். உங்கள் அப்பாவின் தலையில் இன்றும் அந்தத் தழும்பு அந்த வடிவத்தில்தான் இருக்கும். எடுக்கும் எலும்பு முன்னும் பின்னுமாக 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிதாக எடுத்தால், வெளியே பிதுங்கும் மூளை எலும்பின் விளிம்பிலேயே வெட்டுப்பட்டு, அங்குள்ள சிரைகளும் நசுங்கி, நன்மையைவிடத் தீமை மிகும். பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு பெரிதாகவா என்று தோன்றுவது இயல்பு. பெரிதாக எடுப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

எலும்பை எடுத்த பிறகு டியூரா என்ற தடித்த உறையைத் திறக்கும்போது மூளை வெளிறிப்போய், மடிப்புகள் தட்டையாகி, திறந்த இடத்தை நிறைத்துக்கொண்டு பொங்கி நிற்கும். நல்ல மூளை நாடியுடன் சேர்ந்து ஏறி இறங்கும். இது அசையாமல் நிற்கும். சற்று நேரத்தில் அழுத்தம் தணிந்ததும் மெதுவாக அந்தத் துடிப்பு திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தியிருக்கிறோம். பிறகு உறையைத் தளர்வாக ஒட்டுப்போட்டு, எலும்பு இல்லாமலே தோலை மூடிவிடுவோம். எடுத்த எலும்பை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள், அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் பை போல இடம் செய்து அங்கே வைத்துத் தைப்பார்கள். தலையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வயிற்றில் ஏன் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் அம்மா பதறியது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. ரத்தம் போகாமல் செத்துவிட்ட மூளையை இந்த அறுவை உயிர்ப்பிக்காது. விழுந்த கை எழுவதற்கோ, நின்ற பேச்சு வருவதற்கோ செய்யப்படுவது அல்ல இது. செத்த பகுதி வீங்கி, உயிரோடு இருக்கும் மீதி மூளையையும் அந்த மனிதரையும் கொன்றுவிடாமல் தடுப்பதற்காகச் செய்வது. அடைப்பையே நீக்கும் சிகிச்சைகள் வேறு: ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பதைச் சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம். உங்கள் அப்பா தூங்கி எழுந்தபோதே கை விழுந்திருந்தது என்கிறீர்கள். எப்போது தொடங்கியது என்றே தெரியாத அத்தகையவர்களுக்கு ஊசி பெரும்பாலும் கைநழுவிப் போகிறது. கையெழுத்து வாங்கும்போது, "உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறோம், கைகாலுக்கு வாக்குக் கொடுக்கவில்லை" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவர்களின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பகலில், உட்காரவைத்து, இரண்டாம் முறை சொல்வது மருத்துவரின் பொறுப்பு.

எண்களுக்கு வருகிறேன். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் தனித்தனியாக நடந்த மூன்று ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2007-ல் வெளியிட்டார்கள். 60 வயது வரையுள்ள 93 நோயாளிகள். எல்லோருக்கும் 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியது. யாருக்கு அறுவை, யாருக்கு மருந்து மட்டும் என்பது குலுக்கிப் போட்டு முடிவானது. ஓராண்டு கழித்து, மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேர் உயிருடன் இருந்தார்கள். அறுவை செய்யப்பட்டவர்களில் 78 பேர். எங்கள் துறையில் ஒரு சிகிச்சை இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டுவது மிக அரிது. 93 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியாத அளவுக்குப் பெரிது.

பிழைத்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, உங்கள் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியது இந்தப் பகுதிதான். அறுவை செய்யப்பட்ட நூறு பேரில் 14 பேர் சிறு குறையுடன் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். 29 பேர் சிறிது உதவி தேவைப்பட்டாலும் ஆள் பிடிக்காமல் நடந்தார்கள். 31 பேருக்கு நடக்கவும் குளிக்கவும் உடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 4 பேர் முழுப் படுக்கை. 22 பேர் இறந்தார்கள். மருந்து மட்டும் பெற்ற நூறு பேரில் முழுப் படுக்கையில் இருந்தவர்கள் 5 பேர், இறந்தவர்கள் 71 பேர். அதாவது அறுவை செய்தால் மனிதர் கட்டையாகக் கிடப்பார் என்று ஊரில் சொல்லப்படுவதற்கு இந்த வயதினரிடம் ஆதாரம் இல்லை. அந்த நிலையில் இருப்பவர்கள் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் உதவியுடன் வாழும் அந்த 31 பேர், மருந்துப் பக்கத்தில் வெறும் 2 பேர். பிழைக்கவைப்பவர்களில் பெரும்பங்கினரைக் குறையுடன்தான் பிழைக்கவைக்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது. முற்றிலும் பழையபடி ஆனவர்கள் எந்தப் பக்கத்திலும் ஒருவர்கூட இல்லை. நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பா இன்று அந்த 31 பேருக்குள் இருக்கிறார், ஆள் பிடிக்காமல் நடப்பவர்களின் வரிசைக்கு மிகத் தொலைவிலும் இல்லை.

உங்கள் பெரியப்பா இன்றைய தம்பியை, தறியில் உட்கார்ந்திருந்த தம்பியோடு ஒப்பிடுகிறார். அன்று இரவு உங்கள் முன் அந்தத் தம்பி இல்லை. அவரைத் திருப்பித் தரும் காகிதம் எதுவும் உங்களிடம் நீட்டப்படவில்லை. ஒரு பக்கம் பெரும்பாலும் சாவு, இன்னொரு பக்கம் பெரும்பாலும் குறையோடு வாழ்வு என்ற இரண்டுக்கு நடுவில் நீங்கள் நின்றீர்கள். கூடவே பிறந்தவரின் சொல் கொடுமையாகக் கேட்டாலும், அது துக்கத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது. அவருக்கு யாரும் இந்தக் கணக்கை உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே நேரத்தில், கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்கள் தவறு செய்தன என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து 71 வயது அம்மாள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கணவரைப் படுக்கையிலேயே ஒன்பது ஆண்டுகள் வைத்துப் பார்த்தவர். "எனக்கு இப்படி வந்தால் என்னைப் பிடித்து வைக்காதீர்கள்" என்று மகள்களிடம் பல முறை சொல்லியிருந்தவர். மகள்கள் மூவரும் அதையே எங்களிடம் சொன்னார்கள். வலியும் மூச்சுத் திணறலும் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம், மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அந்த முடிவும் சரிதான், ஏனென்றால் அது அவருடைய முடிவு. வயதும் அங்கே ஒரு காரணம். 60 வயதைத் தாண்டியவர்களிடம் ஜெர்மனியில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் அறுவை சாவைக் குறைத்தது உண்மை: ஓராண்டில் மருந்துப் பக்கம் நூற்றுக்கு 76 பேர் இறந்தார்கள், அறுவைப் பக்கம் 43 பேர். ஆனால் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் உடலின் பெரும்பாலான தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்தே இருந்தார்கள், ஆள் பிடிக்காமல் நடக்கும் நிலையை எட்டியவர்கள் மிகச் சிலரே. 60 என்பது சுவர் அல்ல; 59-க்கும் 61-க்கும் இடையில் மூளை மாறிவிடுவதில்லை. இருந்தாலும் 50 வயதுக்காரரின் வீட்டாரிடமும் 75 வயதுக்காரரின் வீட்டாரிடமும் நான் ஒரே மாதிரி பேசுவதில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு செய்தி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பயன் தெளிவாகத் தெரிந்திருப்பது 48 மணி நேரத்துக்குள் செய்த அறுவையில். பொழுது விடியட்டும், பெரியவர்கள் வரட்டும், மஸ்கட்டிலிருந்து அண்ணன் விமானம் ஏறட்டும் என்று காத்திருக்கும்போது கண்மணி விரிந்துவிட்டால், அதன் பின் செய்யும் அறுவை அதே அளவு பலன் தராது. எனவே பெரிய அடைப்பு என்று ஸ்கேன் காட்டிய முதல் நாளே, நோயாளி கண் விழித்திருக்கும்போதே, வீங்கினால் என்ன செய்யப்போகிறோம் என்ற பேச்சை மருத்துவரும் வீட்டாரும் தொடங்கிவிட வேண்டும். எந்த ஊரானாலும், நரம்பியல் அறுவை வசதி இல்லாத மருத்துவமனையில் சேர்த்திருந்தால், வீங்கிய பிறகு ஆம்புலன்ஸ் தேடாமல் முதல் நாளே மாற்றுவது நல்லது.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். இடப்பக்க மூளை பாதித்தால் பேச்சு போய்விடுமே, அந்தப் பக்கம் அறுவை செய்யலாமா என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே தயங்கினார்கள். ஆய்வுகளில் இடம், வலம் என்று பிரித்துப் பார்த்தபோது பலனில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வலப்பக்கம் பாதித்தவர்களுக்குப் பேச்சு இருந்தாலும் தம் இடப்பக்கத்தையே மறந்துவிடுவது, முயற்சி குன்றுவது போன்ற வேறு குறைகள் வருகின்றன. ஆனால் ஆய்வில் பயன்படுத்தும் அளவுகோல் நடையையும் அன்றாட வேலையையும் அளக்கிற அளவுக்குப் பேச்சை அளப்பதில்லை. ஆகவே பேச்சிழப்பின் முழு எடையையும் அந்த எண்கள் சொல்கின்றன என்று நான் நம்பவில்லை. இரண்டாவது, இந்த ஆய்வுகள் ஐரோப்பாவில் நடந்தவை. அங்கே மாதக்கணக்கில் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கிறது. இங்கே குந்தி உட்காரும் கழிப்பறையும், படியேறி நுழையும் வீடும், தினக்கூலியை விட்டு ஒருவர் கூடவே இருக்க வேண்டிய நிலையும் இருக்கின்றன. இங்கே கூட்டுக் குடும்பமும் இருக்கிறது. இவற்றால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதை எண்ணாகச் சொல்ல இயலாது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் காசுக்காகச் செய்கிறார்கள் என்ற பேச்சையும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன ஆய்வுகள் அந்தச் சந்தேகத்துக்குப் பதில். ஆனால் செலவு என்ற வேதனை உண்மையானது. தறியை விற்றும் நகையை அடகுவைத்தும் வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேர்த்த அன்றே அதற்கான கவுன்டரில் காட்டிக் கேட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போகும் நாளில் கேட்டால் பயனில்லாமல் போகலாம்.

எலும்பு இல்லாத அந்த நான்கு மாதங்கள் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டின் மேல் "இந்தப் பக்கம் எலும்பு இல்லை" என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருப்போம், புரட்டிப் படுக்கவைக்கிறவர்கள் அந்தப் பக்கம் அழுத்திவிடக் கூடாதே என்று. வீக்கம் வடிந்ததும் தலையின் ஒரு பக்கம் கிண்ணம்போலக் குழிந்து, தோலுக்கு அடியில் துடிப்பு கண்ணுக்குத் தெரியும். பல வீடுகளில் குழந்தைகள் பார்த்துப் பயப்படாமல் இருக்க ஒரு துண்டைக் கட்டிவிடுகிறார்கள். சிலருக்கு அந்தக் குழிவினாலேயே தலைவலியும் சோர்வும் வந்து, பயிற்சியில் முன்னேறியது பின்வாங்கும். எலும்பை வைத்ததும் தெளிவு வரும். எலும்பை வைக்கும் இரண்டாவது அறுவையும் சிறிய காரியம் அல்ல, சீழ் பிடிப்பதற்கும், வைத்த எலும்பு நாளடைவில் கரைவதற்கும் வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பா அதையும் கடந்துவிட்டார்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். திடீரென்று நடை மோசமானால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், தூக்கம் கூடினால், மூளையில் நீர் சேர்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு மூன்றையும் கவனிக்காவிட்டால் மறுபாதிக்கும் இதே நோய் வரலாம். வலத் தோள் வலிக்கிறது என்று முகம் சுளித்தால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்குவதை நிறுத்திவிட்டு முதுகுப் பக்கம் தாங்கி எழுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சாப்பாட்டைத் தள்ளுகிறாரா, அழுகிறாரா, காலையில் எழ மறுக்கிறாரா என்று பாருங்கள். பெரிய பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகச் சாதாரணம், பேச முடியாதவரிடம் அது யார் கண்ணிலும் படாமல் போகிறது. அதற்கு மாத்திரை உண்டு.

பேச்சுப் பயிற்சி ஆறு மாதத்தோடு முடிந்துவிட்டது, இனி வராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. முன்னேற்றத்தின் வேகம் முதல் சில மாதங்களில் அதிகம், பிறகு குறையும், ஆனால் பேச்சில் ஓராண்டுக்குப் பின்னும் முன்னேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலூர் பாகாயத்தில் 1966-லிருந்து இயங்கும் மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர் அவர். உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இப்படியொரு இடம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் கைவேலைப் பயிற்சியும் கேட்டு ஒரு முறை போய் வாருங்கள். அம்மா தார் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்றும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இடக்கையால் ராட்டையைச் சுற்றிக் கொடுக்கிறார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். உட்கார்ந்த உடம்பு சாயாமல் நிற்கிறது, நல்ல கை வேலை செய்கிறது, நூலின் இழுவை புரிகிறது, அம்மாவின் வேகம் தெரிகிறது. பயிற்சியாளரிடம் இதை முதலில் சொல்லுங்கள், அவர் இதிலிருந்தே தொடங்குவார்.

அப்பாவுக்காகப் பெரியப்பா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், நானும் இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். இந்த அறுவைக்குப் பின் பிழைத்தவர்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமும், மறுபடியும் அதே இரவு வந்தால் சம்மதிப்பீர்களா என்று பல நாடுகளில் கேட்டிருக்கிறார்கள்; ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஆம் என்றிருக்கிறார்கள். பேச முடியாதவர்களுக்குப் பதிலாகப் பல இடங்களில் வீட்டார் பதில் சொல்லியிருப்பதால் அந்த எண்ணை நான் முழுக்க நம்பிவிடுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு "ஆமா"வும் "வேணாம்"மும் இருக்கின்றன. அவை பொருள் அறிந்து வருகின்றனவா என்று முதலில் பாருங்கள்: இது ஆரணிதானே, நீங்கள் நெசவாளிதானே, இது உங்கள் அண்ணன் வீடா, இப்போது ராத்திரியா என்று, ஆம் வர வேண்டியதும் வரக் கூடாததுமாகக் கலந்து, வெவ்வேறு நாட்களில் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் அவருடைய சொல்லை நம்பலாம். பிறகு ஒரு காலை நேரத்தில், அவர் சாப்பிட்டு முடித்துத் தெளிவாக இருக்கும்போது, டி.வி.யை நிறுத்திவிட்டு, தழும்பைத் தொட்டுக் காட்டி, இந்த ஆபரேஷன் பண்ணினது உங்களுக்குச் சம்மதமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டு, மனதுக்குள் முப்பது எண்ணும்வரை எதுவும் பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். "வேணாம்" என்று வந்தால் அதை உங்கள் மேல் உள்ள தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், மனச்சோர்வு இருக்கிறதா என்று அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் முறை கேட்கும்போது நீங்களும் அம்மாவும் மட்டும் இருங்கள். பெரியப்பாவை அடுத்த முறை கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.